பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஓம் என்னும் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. கோயிலில் கேட்டால் அது பிரணவம். யாழ்ப்பாணத்து நண்பரிடம் ஏதேனும் வினவினால் அது ஆம் என்னும் விடை. நமது பௌதிக ஆய்வுக்கூடத்தில் கேட்டால் அது மின்தடையின் அளவு. இந்த மூன்றாம் ஓம் ஒரு மனிதரின் பெயர் என்பதை நாம் பள்ளியிலேயே படித்தோம். ஆனால் அம்மனிதர் யார், எங்கே பிறந்தார், என்ன பாடுபட்டார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? விதி நினைவில் நிற்கிறது. விதியைக் கண்டவர் மறைந்துவிட்டார். மாணவ நண்பர்களே, அவரைச் சற்றே நம்மிடையே அழைத்து வந்து உட்கார வைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள், இன்றைய ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் உள்ள எர்லாங்கன் என்னும் சிறு நகரில் பிறந்தார். தந்தை யோகான் உல்ஃப்காங் ஓம் பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாய் மரியா எலிசபெத் ஒரு தையற்காரரின் மகள். ஏழு குழந்தைகள் பிறந்து மூவரே பிழைத்தனர்: ஜார்ஜ், தம்பி மார்ட்டின், தங்கை எலிசபெத் பார்பரா. ஜார்ஜுக்குப் பத்து வயதானபோது தாயும் மறைந்தார்.

அந்தத் தந்தையைப் பற்றி நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் பள்ளிப் படிப்பு இல்லாதவர். ஆயினும் பட்டறை வேலை போக எஞ்சிய நேரத்தில் தாமே நூல்களை வாங்கிக் கணக்கும் பௌதிகமும் இரசாயனமும் தத்துவமும் கற்றார். கற்றதோடு நில்லாமல், தாயில்லாப் பிள்ளைகள் இருவரையும் அருகில் அமர்த்தி அவற்றையெல்லாம் கற்பித்தார். ஊர்ப் பள்ளியில் விஞ்ஞானம் அவ்வளவாக இல்லை. இலத்தீனும் மனப்பாடமுமே மிகுதி. பூட்டுப் பட்டறையே அவர்களுக்கு உண்மையான கல்லூரி. எர்லாங்கன் பல்கலைக் கழகத்துக் கணிதப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் ஒருநாள் சிறுவன் ஜார்ஜை வெகுநேரம் சோதித்துப் பார்த்து, பூட்டுக்காரர் வீட்டிலிருந்து பெர்னூலிக் குடும்பத்தாரைப் போன்ற கணித மேதைகள் எழக்கூடும் என்று வியந்தாராம். பிற்காலத்தில் ஓம் செம்புக் கம்பிகளையும் முறுக்குத் தராசையும் தம் கையாலேயே அமைத்துக் கொண்டார் என்றால், அந்தக் கை பட்டறையில் அரம் பிடித்துப் பழகிய கை.

1805இல் அவர் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்து என்ன செய்தார்? நடனம் ஆடினார், பனியில் சறுக்கினார், பில்லியர்ட்ஸ் ஆடினார். (நம் விடுதி நண்பர்கள் சிலருக்கு இச்செய்தி மிக்க ஆறுதல் தரும்!) தமக்குக் கிடைக்காத வாய்ப்பை மகன் வீணாக்குவதைத் தந்தை பொறுக்கவில்லை. மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. 1806இல் ஸ்விட்சர்லாந்துக்குப் போய், காட்ஸ்டாட் என்னும் ஊரில் கணக்கு வாத்தியாராக அமர்ந்தார். அங்கிருந்து நொய்ஷாட்டெல் நகரம். அங்கே தனி வகுப்பு. தம் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃபைப் பின்தொடர்ந்து ஹைடெல்பர்க் செல்ல விரும்பியபோது அவர் தடுத்து, ஆய்லர், லாப்ளாஸ், லாக்ருவா ஆகியோரின் நூல்களைத் தாமே படிக்கும்படி அறிவுரை கூறினார். தந்தை கற்ற வழியிலேயே மகனும் கற்றார். 1811இல் எர்லாங்கன் திரும்பி, அவ்வாண்டு அக்டோபரில் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவுடன் அதே பல்கலைக் கழகத்தில் விரிவுரையாளர் வேலை. எனக்கு இப்போது இருபத்து மூன்று வயது. அதே வயதில் ஓம் அங்கே பாடம் சொல்லிக் கொண்டிருந்தார். ஆனால் கிடைத்த ஊதியம் வயிற்றுக்குப் போதவில்லை. மேலே உயர வழியும் தெரியவில்லை. மூன்று பருவம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1813இல் பாம்பெர்க் நகரில் மதிப்புக் குறைந்த ஒரு பள்ளியில் ஆசிரியரானார். மனம் ஒட்டாத வேலை. அங்கே தனிமையில் வடிவ கணிதம் கற்பிப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். 1816இல் அப்பள்ளியும் மூடப்பட்டது. அந்நூலைப் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்துக்கு அனுப்பி வைத்தார். அது பலித்தது: 1817இல் கொலோன் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் பதவி கிடைத்தது. அப்பள்ளியில் அவருக்குப் பெரும்பேறாக வாய்த்தது ஒன்று: நல்ல கருவிகள் நிறைந்த பௌதிக ஆய்வுக்கூடம்.

அன்றைய நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1800இல் வோல்ட்டா மின்கல அடுக்கைச் செய்து காட்டிவிட்டார். 1820இல் டென்மார்க்கு நாட்டு எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். ஐரோப்பா எங்கும் ஊசியும் கம்பியுமாகப் பரபரப்பு. ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரம் எவ்வளவு, அதைத் தள்ளுவது எவ்வளவு, தடுப்பது எவ்வளவு என்று கணக்கிட வழியில்லை. வோல்ட் இல்லை, ஆம்பியர் இல்லை. ஓம் மட்டும் இருந்தார், அவரும் ஒரு பள்ளி ஆசிரியராக. இன்று பத்தாம் வகுப்பு மாணவன் மூன்று எழுத்துக்களை எழுதி ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிடுகிறான். அம்மூன்றும் மூன்று வேறு பொருள்கள் என்று பிரித்தறிவதே அன்று பெரும்பாடாக இருந்தது.

முப்பது வயதைக் கடந்த ஓம், தமக்கென்று ஒரு கண்டுபிடிப்பு இல்லாவிட்டால் ஆயுள் முழுவதும் பள்ளியிலேயே கழிந்துவிடும் என்று அஞ்சினார். பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் சோதனை. ஒரே பருமனுள்ள கம்பிகளை வெவ்வேறு நீளங்களில் வெட்டினார். ஒவ்வொன்றையும் மின்கலத்தோடு இணைத்து, ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார். கம்பி நீள நீள ஊசியின் திருப்பம் குறைந்தது. எந்தக் கணக்கில் குறைகிறது? 1825இல் அவசரமாக ஒரு விடையை வெளியிட்டார். அது லாகரிதம் கலந்த ஒரு சூத்திரம். அது தவறு.

ஏன் தவறிற்று? கணக்கில் பிழையில்லை; மின்கலத்தில் இருந்தது. அக்கால மின்கலத்தை இணைத்தவுடன் மின்னோட்டம் பாய்ந்து எழும்; சற்று நேரத்தில் தகடுகளின்மேல் வாயுக் குமிழிகள் படிந்து தளர்ந்துவிடும். முதற்கம்பியைச் சோதிக்கும்போது இருந்த தள்ளுவிசை, எட்டாவது கம்பிக்கு வரும்போது இருப்பதில்லை. படி சுருங்கிக் கொண்டே போனால் நெல்லை அளப்பது எங்ஙனம்?

பொகன்டார்ஃப் என்னும் விஞ்ஞானி ஒரு வழி சொன்னார். இரு வேறு உலோகங்களை இரண்டு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிராகவும் வைத்தால் மின்சாரம் ஓடும் என்பதை ஸீபெக் 1821இல் கண்டிருந்தார். அதைப் பயன்படுத்தலாமே என்றார் பொகன்டார்ஃப். ஓம் அதைப் பிடித்துக் கொண்டார். ஒரு பிஸ்மத் பாளத்தின் இரு முனைகளிலும் செம்புப் பட்டைகளைப் பொருத்தினார். ஒரு முனை கொதிக்கும் நீரில். மறுமுனை உருகும் பனிக்கட்டியில். நீர் கொதிக்கும்வரை, பனிக்கட்டி உருகும்வரை, வெப்ப வேறுபாடு மாறாது. அது மாறாதவரை தள்ளுவிசையும் மாறாது. அடுப்பும் பனிக்கட்டியும் சேர்ந்து, வோல்ட்டாவின் அடுக்கு தராத நிலைபேற்றைத் தந்துவிட்டன. எளிமையில் இதற்கு இணையான சோதனையை நான் அதிகம் கண்டதில்லை.

பட்டைகளின் மறுமுனைகள் இரண்டு பாதரசக் கிண்ணங்களில் அமிழ்ந்திருக்கும். சோதிக்க வேண்டிய கம்பியின் நுனிகளை அக்கிண்ணங்களில் தோய்த்தால் சுற்று முடிந்தது. மேலே ஒரு காந்த ஊசி மெல்லிய உலோக இழையில் தொங்கும். மின்சாரம் ஊசியைத் திருப்பும்; ஓம் இழையின் தலையை எதிர்ப்புறமாக முறுக்கி ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டு வருவார். எவ்வளவு முறுக்க வேண்டியிருந்ததோ அதுவே மின்னோட்டத்தின் அளவு.

எட்டுக் கம்பிகள். மிகக் குட்டையானது 2 அங்குலம். மிக நீண்டது 130 அங்குலம். 1826 ஜனவரியில் எடுத்த ஒரு வரிசை அளவுகளைத் தருகிறேன். 2 அங்குலக் கம்பிக்கு முறுக்கம் 326¾ பாகம். 34 அங்குலக் கம்பிக்கு 134½. 130 அங்குலக் கம்பிக்கு 48½. இவற்றை ஆட்சி செய்யும் விதி என்ன? கம்பியின் நீளத்தோடு 20¼ என்னும் எண்ணைக் கூட்டு. அத்தொகையால் 7285ஐ வகு. நண்பர்கள் ஒரு தாளை எடுத்துச் செய்து பார்க்கலாம். 34ஓடு 20¼ கூட்டினால் 54¼. 7285ஐ அதனால் வகுத்தால் 134.3. சோதனை தந்தது 134½. நீண்ட கம்பிக்கு 150¼ஆல் வகுத்தால் 48.5, சோதனையும் அதையே தந்தது. குட்டைக் கம்பிக்கு 327.4 வருகிறது, ஒரு பாகத்துக்கும் குறைவான வேறுபாடு. கொதிக்கும் பானையையும் பனிக்கட்டியையும் வைத்துக் கொண்டு ஒரு பள்ளி ஆசிரியர் செய்த சோதனையின் துல்லியம் இது!

அந்த எண்களுக்குப் பொருள் என்ன? 7285 என்பது வெப்ப வேறுபாடு தரும் தள்ளுவிசை. நாம் இன்று மின்னழுத்தம் என்று சொல்வது. கம்பியின் நீளம் அதன் தடையைக் காட்டுகிறது. 20¼ என்பதோ, பிஸ்மத் பாளமும் பட்டைகளும் தாமே தரும் தடை; மின்சாரத்தைப் பிறப்பிக்கும் பொருளுக்குள்ளேயே இருக்கும் உட்தடை. மின்னழுத்தத்தை மொத்தத் தடையால் வகுத்தால் மின்னோட்டம். வெப்ப வேறுபாட்டைக் குறைத்துச் சோதித்தபோது மேலே உள்ள எண் மாத்திரம் மாறிற்று. 20¼ ஏறக்குறைய அசையவில்லை. தள்ளுவதும் தடுப்பதும் தனித்தனி என்பது அப்போதுதான் கண்முன் வந்து நின்றது.

இவ்விடத்தில் என் ஊர்க் கதையைச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து என் தந்தையார் தமிழகத்திலிருந்து குடும்பத்தோடு சத்தியவேட்டுக்குக் குடிபெயர்ந்தபோது நான் சிறுவன். சத்தியவேடு 1960இல் எல்லைத் திருத்தம் நிகழ்ந்தபோது ஆந்திரத்தோடு சேர்ந்த பகுதி. சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022இல் திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. தெருவில் தமிழும் தெலுங்கும் கைகோத்து நடக்கும் ஊர். பள்ளியில் நான் தெலுங்கில் நிரோதம் என்று படித்ததை வீட்டில் தந்தையார் தமிழில் தடை என்று சொல்லிக் கொடுப்பார். இரண்டும் ஒரே ஓம்தான் என்று தெளிய எனக்குச் சில நாட்கள் ஆயின.

கோடை வந்தால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், மின்னழுத்தம் இறங்கும். வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ஒன்று இருந்தது. 230 வோல்ட்டில் 1500 வாட் என்று அதன்மேல் எழுதியிருக்கும். 1500ஐ 230ஆல் வகுத்தால் மின்னோட்டம் ஏறக்குறைய 6.5 ஆம்பியர். 230ஐ 6.5ஆல் வகுத்தால் தடை ஏறக்குறைய 35 ஓம். இனி அழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது என்று கொள்வோம். தடை பெரிதாக மாறாது. ஆகவே மின்னோட்டம் 5.1 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் திறன் 918 வாட்தான். அழுத்தம் குறைந்தது நூற்றுக்கு 22 பங்கு. வெப்பமோ நூற்றுக்கு 39 பங்கு குறைந்துவிட்டது! அழுத்தம் இறங்கினால் மின்னோட்டமும் கூடவே இறங்குகிறது. இரண்டின் பெருக்கமாகிய திறன் இரு மடங்கு அடி வாங்குகிறது. பத்து நிமிடத்தில் சுடும் தண்ணீர் பதினாறு நிமிடம் கேட்பது இதனால்தான்.

அப்படியானால் வயலில் மோட்டார் ஏன் எரிகிறது? அழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறைந்து, மோட்டார் குளிர்ந்தல்லவா இருக்க வேண்டும்? எங்கள் தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணன் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் பள்ளி இறுதி வரை படித்தவர். மோட்டார் ஹீட்டரைப் போல வெறும் கம்பி அன்று, அது தண்ணீரைத் தூக்க வேண்டிய வேலைக்காரன் என்று விளக்கினார். சுமை அதேதான், அழுத்தம் குறைந்தால் அந்தச் சுமையைத் தூக்க மோட்டார் மிகுதியான ஆம்பியரை இழுக்கும். 10 ஆம்பியர் இழுத்த மோட்டார் 12.5 இழுத்தால், காயிலில் பிறக்கும் வெப்பம் ஒன்றேகால் மடங்கு அன்று. ஒன்றேகாலை ஒன்றேகாலால் பெருக்கியது, அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். காப்புப் பூச்சு கருகும், காயில் போகும். அவர் எரிந்த மோட்டாரை அவிழ்க்குமுன் மல்டிமீட்டரை வைத்து மூன்று காயில்களின் தடையையும் ஓம் கணக்கில் அளப்பார். மூன்றும் ஒன்றாக இருந்தால் உயிர் உண்டு. ஒன்று மட்டும் குறைந்தால் உள்ளே சுற்றுகள் ஒட்டிக் கொண்டன என்று பொருள். ஒரு நாளில் ஓம் பெயரை அவர் உச்சரிக்கும் அளவு நம் பேராசிரியர்களும் உச்சரிக்கமாட்டார்கள். சுழலும் மோட்டார் தானும் ஓர் எதிர் அழுத்தத்தைப் பிறப்பிப்பதால், வெறும் கம்பிக்குக் கண்ட விதியை அப்படியே அதன்மேல் சாத்த இயலாது என்பதை நான் பின்னர்க் கல்லூரியில் கற்றேன்; காயில் கட்டுபவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

ஓமிடம் திரும்புவோம். சோதனை முடிந்தது. 1826இல் பாதி ஊதியத்தோடு ஓராண்டு விடுப்பு வாங்கிக் கொண்டு, தம்பி மார்ட்டின் இருந்த பெர்லினுக்குச் சென்றார். உலோகத்தில் வெப்பம் பரவுவதை ஃபூரியே 1822இல் கணித வடிவில் விளக்கியிருந்தார். அதே முறையில் கம்பியில் மின்சாரம் பரவுவதை ஓம் விளக்கினார். 1827இல் பெர்லினில் நூல் வெளிவந்தது. மின்சுற்றைக் கணித முறையில் ஆராய்தல் என்பது அதன் பெயரின் கருத்து. இந்நூல் தமக்கு ஒரு பல்கலைக் கழகப் பதவியைப் பெற்றுத் தரும் என்பது அவர் நம்பிக்கை. இருந்த வேலையையும் பணயமாக வைத்துத்தான் பெர்லினுக்குப் போனார்.

பதவி வரவில்லை. மதிப்புரைகளும் கசந்தன. போல் என்னும் பெர்லின் அறிஞர் நூலைக் கடுமையாகத் தாக்கினார். அக்காலத்து ஜெர்மானிய அறிஞர் பலர், இயற்கையைத் தத்துவ நோக்கால் ஆழ்ந்து சிந்தித்தே அறிய வேண்டும், அளவும் கணக்கும் மேலோட்டமானவை என்னும் எண்ணம் உடையவர்கள். கல்வி இலாகாவிலும் அக்கருத்துக்கே செல்வாக்கு. மனமுடைந்த ஓம் 1828இல் கொலோன் பதவியைத் துறந்தார்.

அவரை வேலையிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று சில நூல்களில் எழுதியிருப்பதைக் காண்கிறோம். அவர் தாமே விலகினார் என்பதே உண்மை. உலகம் முழுவதும் அவருக்கு எதிராகச் சதி செய்தது என்று சொல்வதும் எனக்கு உடன்பாடன்று. நூலில் அவர் தம் அழகிய சோதனைகளையெல்லாம் பின்னே தள்ளிவிட்டுக் கடுங்கணிதத்தையே முன்னே நிறுத்தினார். கணிதம் அறிந்தவர்க்கு மின்சாரத்தில் நாட்டமில்லை. மின்சாரம் அறிந்தவர்க்குக் கணிதம் புரியவில்லை. கொதிநீரும் பனிக்கட்டியும் எட்டுக் கம்பிகளும் முதல் அத்தியாயத்தில் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம் என்று நான் கருதுகிறேன். ஆயினும் நாற்பது வயதை நெருங்கிய ஒருவர், கண்டதை மறுத்து வேலையைக் காப்பாற்றிக் கொள்ள முயலவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் பெர்லினில் இராணுவப் பள்ளி முதலிய இடங்களில் மணிக்கணக்கில் பாடம் சொல்லிப் பிழைப்பு. மணம் செய்து கொள்ளவில்லை, கடைசிவரை தனியர். 1833இல் நூரெம்பெர்க் பல்தொழிற் பள்ளியில் பேராசிரியர் என்னும் பெயராவது கிடைத்தது.

இதற்கிடையில் விதி தானே நடக்கத் தொடங்கிவிட்டது. லைப்சிக் நகரத்து ஃபெக்னர் எண்ணற்ற சோதனைகள் செய்து 1831இல் அது சரியென நாட்டினார். ருஷ்யாவில் லென்ஸ் அதைக் கையாண்டார். பிரான்சில் பூய்யே ஏறக்குறைய அதே முடிவுகளைத் தாமே கண்டதாக வெளியிட்டார். அதனால் ஓமின் பெயரும் அடிபடலாயிற்று. தந்தி பிறந்துவிட்ட காலம் அது. எத்தனை மைல் கம்பிக்கு எத்தனை மின்கலம் வேண்டும் என்று கேட்பவனுக்குத் தத்துவ நோக்கு உதவாது. ஓமின் வகுத்தல் கணக்குத்தான் உதவும். 1841இல் இலண்டன் ராயல் சொசைட்டி தன் மிக உயர்ந்த விருதாகிய காப்ளி பதக்கத்தை ஓமுக்கு அளித்தது. அவ்வாண்டே நூல் ஆங்கிலத்திலும் வந்தது. சொந்த நாடு பதினான்கு ஆண்டு மறந்திருந்ததைக் கடல் கடந்த நாடு நினைவுபடுத்தியது. பவேரிய அறிவியற் கழகம் தன் முழு உறுப்பினராக அவரை ஏற்றது 1845இல்!

அதே 1841இல் மற்றொன்றும் நிகழ்ந்தது. மான்செஸ்டருக்கு அருகில் மதுவடிக்கும் தொழிற்சாலைக்காரரின் மகன் ஜேம்ஸ் ஜூல், வயது இருபத்திரண்டு, மின்சாரம் ஓடும் கம்பிச் சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தி வெப்பமானியால் அளந்து, பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பெருக்கிய அளவுக்கு ஏற்ப இருக்கும் என்று அச்சிட்டு வெளியிட்டார். ஓம் தந்தது மின்னோட்டத்தின் கணக்கு. திறனின் கணக்குக்கு ஜூல் வழி திறந்தார். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை, பெருக்கினால் திறன் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் இரண்டு வாய்பாடுகளுக்குப் பின்னே இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பூட்டுப் பட்டறையிலிருந்து வந்தவர், மற்றவர் வடிசாலையிலிருந்து வந்தவர்.

இவ்விரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், ஏறக்குறைய 92 மைல் தாண்டிக் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள். அவ்வளவு தொலைவு கம்பியில் போனால் வழியிலேயே வெப்பமாகக் கரைந்துவிடாதா? கம்பியின் தடை 10 ஓம் என்றும், அனுப்ப வேண்டியது 10,000 வாட் என்றும் ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். 1,000 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியர். பத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்க, வழியில் 1,000 வாட் இழப்பு. 10,000 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர்தான். இழப்பு வெறும் 10 வாட். அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் இழப்பு நூறில் ஒன்று! அதனால்தான் சிவசமுத்திரத்திலிருந்து 30,000 வோல்ட் அளவில் அழுத்தத்தை உயர்த்தி அனுப்பினார்கள். பூமிக்கடியில் நம்மவர் கைக்கு வந்த விளக்கொளி இந்தக் கணக்கின் மேல்தான் நடந்து வந்தது.

ஓம் பின்னும் சும்மா இருக்கவில்லை. 1843இல் ஒலியைப் பற்றி ஆராய்ந்து, நம் காது ஒரு கூட்டொலியைத் தனித்தனிச் சுத்த ஒலிகளாகப் பிரித்தே கேட்கிறது என்று கூறினார். அதற்கும் முதலில் எதிர்ப்பே கிடைத்தது. பின்னர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை எடுத்து வளர்த்தார். 1849இல் மியூனிக்குக்கு அழைக்கப்பட்டு, அறிவியற் கழகத்தின் கருவிக் கூடத்தைக் கவனித்துக் கொண்டு பல்கலைக் கழகத்திலும் பாடம் சொன்னார். இளமை முதல் ஏங்கிய பௌதிகப் பேராசிரியர் பீடம் 1852இல் வந்து சேர்ந்தது. அப்போது வயது அறுபத்து மூன்று. இரண்டே ஆண்டுகள் அதில் அமர்ந்திருந்தார். 1854 ஜூலை 6ஆம் நாள் மியூனிக்கில் காலமானார். அந்நகரத்துப் பழைய தென் கல்லறையில் அடக்கமானார்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஓம் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1781இல், இங்கிலாந்தின் ஹென்றி காவெண்டிஷ் ஏறக்குறைய இதே விதியைக் கண்டிருந்தார். அவரிடம் மின்னோட்டத்தை அளக்கக் கருவியில்லை. தம் உடம்பிலேயே மின்சாரத்தைப் பாய்ச்சி, அதிர்ச்சியின் கடுமையை ஒப்பிட்டு மதிப்பிட்டார்! கண்டதை ஒருவரிடமும் சொல்லாமல் தாள்களில் எழ்தி வைத்துவிட்டுப் போனார். மாக்ஸ்வெல் அத்தாள்களைத் தேடியெடுத்துப் பதிப்பித்தது 1879இல். அதற்குள் உலகம் ஓமின் விதியைக் கொண்டே கடலடித் தந்திகளையும் போட்டுவிட்டிருந்தது.

1881இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு, மின்தடையின் அளவுக்கு ஓம் என்றும், மின்னழுத்தத்துக்கு வோல்ட் என்றும், மின்னோட்டத்துக்கு ஆம்பியர் என்றும் பெயர் சூட்டியது. 1893இல் சிக்காகோவில், உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில் வைத்த 106.3 சென்டிமீட்டர் நீளப் பாதரசத் தம்பம் ஓர் ஓமுக்கு அளவுகோலாயிற்று. ஓம் தம் கம்பிகளைத் தோய்த்த அதே பாதரசம், அவருக்கு நிலைபேறு தந்த அதே பனிக்கட்டி. இன்று அந்தத் தம்பமும் இல்லை. 1980இல் கிளிட்சிங் என்னும் ஜெர்மானியர், கடுங்குளிரிலும் வலிய காந்தப் புலத்திலும் வைத்த மெல்லிய படலத்தின் தடை, பொருள் எதுவாயினும் 25,812.807 ஓம் என்னும் எண்ணையும் அதன் பின்னங்களையும் பிடித்துக் கொண்டு படிப்படியாக நிற்பதைக் கண்டார். 1990 முதல் ஓமின் அளவை அவ்வெண்ணைக் கொண்டே உலகெங்கும் சரிபார்க்கிறார்கள்.